தொட்டவ கை தூக்கணும்

அவளிடம் வேண்டுமென்றே தோற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் முயன்று பார்த்திருக்கிறேன். எனக்கு முன்பே அவள் அப்பா முயன்றிருக்கிறார். அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது கேரம் ஆட்டத்தில் சிவப்புக் காயை அவளுக்காக விட்டுவைத்தாராம். குழந்தை சந்தோஷப்படும் என்று நினைத்திருக்கிறார். அவள் போர்டை இரண்டு கையாலும் தூக்கி, காய், பவுடர் எல்லாவற்றையும் அவர் மடியில் கொட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். "கம்பத்துல ஏறுறப்பகூட எனக்கு இவ்ளோ பயம் இல்லம்மா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

பெயரை எழுதப் போவதில்லை. பேப்பரில் அவள் பெயர் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் முன்னால் 'தன்னம்பிக்கை' என்று ஒரு வார்த்தை ஒட்டியிருந்தது. அந்தப் பேப்பரை மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டக் கொடுத்துவிட்டாள். 2012இல் எனக்குக் கல்யாணமாகி நான் கடலூரை விட்டுப் போனேன். அவளுக்கும் வேலை கிடைத்து வேறு ஊர். போன் நம்பர்கள் மாறிப் போயின. தேடினால் கிடைத்துவிடுவாள். தேடாமல் இருப்பது என் சோம்பல், வேறு காரணம் இல்லை.

செம்மண்டலத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தெரு. கல்லூரியும் ஒன்று. சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் பூப்பந்து ஆடுவோம். மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை. பந்து தரையில் விழக்கூடாது, உடம்பிலோ உடையிலோ படக்கூடாது. தினப்படி ஆட்டத்துக்கு அம்பயர் யார் வருவார்? அதனால் எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே போகிற பந்து உன் மேலோ மட்டையிலோ உரசிவிட்டுப் போனால், நீயேதான் கை தூக்க வேண்டும். 'தொட்டவ கை தூக்கணும்' என்பது புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம். சர்வீஸ் போடுவது எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான்.

இந்த வழக்கத்தை அவளைப்போல் யாரும் பிடித்துக்கொண்டதில்லை. உரசினால் ஆட்டம் தோற்கிற நேரத்திலும் கை மேலே போகும். உரசாமல் யாராவது அவளுக்காகக் கை தூக்கினால் தொலைந்தார்கள். புதுப் பந்து என்றால் மட்டை நரம்பில் மஞ்சள் பிசிறு ஒட்டும். நேராக வந்து மட்டையை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துப் பிசிறைத் தேடுவாள். இல்லையென்றால் அந்தப் பாயின்ட்டை மறுபடி ஆட வேண்டும்.

வெளியூர் மேட்சுக்குப் போனால் எனக்கும் அவளுக்கும் இன்னொரு பந்தயம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸை நோக்கி ஓடி, படியை யார் முதலில் தொடுகிறார்களோ அவர்களுக்கு ஜன்னல் சீட்டு. என் கால்கள் நீளம். ஆட்டத்தில் அவள் என்னைவிட நாலு மடங்கு. ஓட்டத்தில் மட்டும் நான்தான்.

2006இல் ஒரு நாள் சிதம்பரத்தில் ஆடிவிட்டுத் திரும்பினோம். அன்றைக்குப் பின் லைனில் நின்று அவள் அடித்த அடியில்தான் ஜெயித்தோம். களைத்துப் போயிருந்தாள். ஓடினோம். படிக்கு நாலு அடி முன்னால் நான் நின்றுவிட்டேன். பாவம், ஆடிக் களைத்தவள், உட்காரட்டுமே என்று ஒரு நினைப்பு. அவள் படியைத் தொட்டுவிட்டுத் திரும்பி என்னை முறைத்தாள்.

"நெசமா ஓடுனியா?"

"சத்தியமா" என்றேன்.

ஜன்னல் கம்பியில் வலது முழங்கையை வைத்துக்கொண்டு தூங்கிப் போனாள். தூக்கத்தில் கை வெளியே சரிந்திருந்ததை நான் பார்க்கவில்லை. நானும் தூங்கிக்கொண்டிருந்தேன். புதுச்சத்திரம் தாண்டி எதிரே ஒரு லாரி ஒட்டி வந்தது. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. வலது கையில் முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை மிஞ்சியது.

அதற்குப் பிறகு அவள் அழுததை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் நினைவில் நிற்பது வேறு. காலையில் முதல் வியாபாரம், இடது கையால் காசு நீட்டாதே என்று ஒரு கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். "வலது கைய புதுச்சத்திரத்துல வச்சுட்டு வந்துட்டேன் அண்ணே. போய் எடுத்தாரட்டா?" என்றாள். அந்த மனுஷர் அதற்கப்புறம் அவளைப் பார்த்தாலே எழுந்து நின்றார். ஒரு முகாமில் ரப்பர் கை ஒன்று கொடுத்தார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஒன்றுக்கும் உதவாது. அதை அவள் பஸ்ஸில் இடம் பிடிக்க வைத்துக்கொண்டாள். எல்லோரும் ஜன்னல் வழியாகத் துண்டோ பையோ போடுவார்கள். இவள் கையைக் கழற்றிப் போடுவாள். உள்ளே இரண்டு பேர் அலறுவது கேட்கும். பிறகு அந்த சீட்டுப் பக்கம் யாரும் வர மாட்டார்கள்.

யாராவது எழுந்து இடம் கொடுத்தால் கூச்சமில்லாமல் உட்காருவாள். ரேஷன் கடையில் வரிசையை மீறி முன்னால் போவாள். கல்யாணப் பந்தியில் அவளுக்கு மட்டும் கூடுதலாக வரும் ஜாங்கிரியை வேண்டாம் என்றதே இல்லை. "இதெல்லாம் வாங்கிக்கிற, ஆட்டத்துல மட்டும் என்னா?" என்று கேட்டேன். "சீட்டு வேற, பாயின்ட் வேற" என்றாள். விளக்கம் அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலை, என் வீட்டு வாசலில் மட்டையோடு நின்றாள். இடது கையில் ஆடப் பழக வேண்டும், நீ பந்து போடு என்றாள். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நான் பந்து போடுவேன், அவள் அடிப்பாள். முதல் மாதம் பத்தில் எட்டுப் பந்து மட்டையைச் சீண்டாமல் போனது. உடம்பு வலப்பக்கமாகத் திரும்பும், கை இடப்பக்கம் இருக்கும், கால் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். விழுவாள். எழுந்து, "போடு" என்பாள். ஒரு நாள் எனக்கு மனசு தாளாமல், நானும் இடது கையால் ஆடுகிறேன், சரிசமமாக இருக்கும் என்றேன். மட்டையைத் தரையில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். இரண்டு நாள் வரவில்லை.

சர்வீஸ்தான் பெரிய தலைவலி. பந்தை ஒரு கை விட வேண்டும், மட்டையை ஒரு கை வீச வேண்டும். மட்டை மேல் பந்தை வைத்து எகிறவிட்டு அடித்துப் பார்த்தாள். வலையைத் தாண்டவே திணறியது. ஒரு நாள் கொய்யாப்பழம் தின்றுகொண்டே வந்தாள். இன்னொரு பழத்தை வலது முழங்கை மடிப்பில் இடுக்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தக் கையை நீட்ட, பழம் விழுந்தது. விழுந்த பழத்தைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு பந்தை எடுத்து மடிப்பில் வைத்து இடுக்கினாள். கையைத் திறந்தாள். பந்து நேராகக் கீழே இறங்கியது. இடது கையால் ஒரு வீசு. அது எனக்குப் பின்னால் போய் விழுந்தது. நான் கத்தினேன். அவள், "நீ எடுத்திருக்கலாம். மசமசன்னு நின்னுட்ட" என்றாள்.

பிரச்சினை சாயங்கால ஆட்டங்களில் வந்தது. மைதானத்தில் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அவள் அடித்து வெளியே போகிற பந்துக்கெல்லாம் எதிர்ப்பக்கம் யாராவது கை தூக்கினார்கள். அவள் வலை ஓரம் போய் மட்டையை வாங்கிப் பிசிறு தேடிச் சலித்தாள். கிளப்பை நடத்திய சார் ஆண்டு விழாவில் அவளுக்கு ஒரு சிறப்புக் கோப்பை கொடுத்தார். எதற்கு என்று மேடையிலேயே கேட்டாள். அவர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, சும்மா வாங்கிக்கம்மா என்றார். அந்தக் கோப்பை அவர்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் மொள்ளக் கிடந்தது.

"எனக்கு ஒரு தடவையாச்சும் நெசமா தோக்கணும்டி. அதுக்கப்புறம்தான் நெசமா ஜெயிக்க முடியும்" என்றாள் ஒரு நாள். நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு, நான் செய்தது என்ன தெரியுமா?

ஸ்ரீமுஷ்ணத்தில் பொங்கலை ஒட்டி ஒரு போட்டி. கை போன பிறகு அவள் ஆடப்போகும் முதல் வெளியூர் ஆட்டம். எதிரே திட்டக்குடிப் பக்கத்து அணி; அதன் கேப்டன் என் அத்தை மகள். முந்தின நாள் அவளுக்குப் போன் போட்டு, வலப்பக்கம் இவளால் திரும்ப முடியாது, அந்தப் பக்கம் அடிக்காதே, கொஞ்சம் பார்த்து ஆடுங்கள் என்றேன். எனக்கு யார் கண்ணிலும் தண்ணீர் பார்க்க முடியாது. அதை நான் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அத்தை மகள் என்னைவிட நல்லவள். அணியில் மற்ற நாலு பேரிடமும் சொல்லிவிட்டாள். எங்கள் கிளப் வழக்கம்வேறு அவளுக்குத் தெரியும். அவர்கள் பக்கம் கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. ஆறாவது தடவை இவள் வலைக்கு அடியில் குனிந்து போய் அத்தை மகளின் மட்டையை வாங்கினாள். அன்று பந்து புத்தம் புதுசு. நரம்பின் நடுவில் மட்டும் மஞ்சள் இருந்தது; உரசியதாகச் சொன்ன ஓரத்தில் ஒரு இழைகூட இல்லை. அத்தை மகள் என்னைப் பார்த்தாள். அத்தை மகள் என்னைப் பார்த்ததை இவள் பார்த்தாள்.

கோர்ட்டை விட்டு வெளியேறி வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். பதிலுக்கு ஒருத்தியை இறக்கி ஆடி முடித்தோம். ஜெயித்தோமா, தோற்றோமா என்றே இப்போது ஞாபகம் இல்லை. நான் பக்கத்தில் போனேன்.

"அன்னிக்கும் சத்தியமான்னுதான் சொன்ன" என்றாள்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் படிக்கு முன்னால் நின்றது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான் கஞ்சி ஊட்டினபோதும், ஆறு மணிக்குப் பந்து போட்டபோதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

நாலு மாதம் என்னோடு பேசவில்லை. ஆண்கள் அணியோடு ஆடப் போய்விட்டாள். பையன்களுக்கு இரக்கமெல்லாம் முதல் இரண்டு நாள்தான். தோற்றால் ரோஷம் வந்துவிடும். அவர்கள் வலப்பக்கமாகவே அடித்தார்கள். அவள் கால் வைக்கும் முறையே மாறியது. வலது பக்கம் வருகிற பந்துக்கு முழு உடம்பையும் சுழற்றிப் பின்னால் போய் எடுக்கப் பழகினாள். நான் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவேன்.

ஒரு நாள் சுவர் ஓரம் வந்து, "உள்ள வந்து ஆடறதா இருந்தா நெசமா அடிப்பியா?" என்று கேட்டாள். வந்தேன். முதல் பந்தையே வலது தோளுக்கு நேராக, என் பலம் அத்தனையும் சேர்த்து அடித்தேன். மிஞ்சிய கையின் நுனியில் போய்ப் பட்டது. வலியில் அப்படியே குந்திவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடப் போனேன். அவள் குந்தியபடியே அந்தக் குட்டைக் கையைத் தூக்கினாள், தொட்டதற்கு. முகமெல்லாம் சிரிப்பு.

"உன் பாயின்ட்டு. அடுத்தது போடு" என்றாள்.

2009இல் சிதம்பரத்தில் மாவட்டப் போட்டி. ஊனமுற்றோர் பிரிவு எதுவும் கிடையாது. சாதாரணப் பெண்கள் அணி, ஐந்தில் ஒருத்தியாக அவள். தேர்வின்போது சார் அவளைச் சேர்க்கத் தயங்கினார். அவள் அணியில் இருந்த மற்ற பெண்களோடு ஒவ்வொருத்தியாக ஆடிக் காட்டி இடத்தை வாங்கினாள். கழற்றிப் போட்ட ரப்பர் கையை அன்றைக்குச் சாரிடம்தான் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவரும் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர் மைதானத்தில் எப்படியோ, வெளியூர் மேட்ச் என்றால் மிஞ்சிய கையை யாருக்கும் காட்ட மாட்டாள். முழுக்கை ஜெர்சி போட்டு, வலது சட்டைக் கையின் நுனியை மடித்து ஊக்குக் குத்திக்கொள்வாள். சர்வீஸ் போடும்போது தவிர அது உடம்போடு ஒட்டியே இருக்கும்.

இறுதி ஆட்டத்தில் எதிரே அதே அத்தை மகள் அணி. நான் யாருக்கும் போன் போடவில்லை. தலா ஒரு ஆட்டம் ஜெயித்து மூன்றாவது ஆட்டம். எங்களுக்கு ஒரு பாயின்ட் எடுத்தால் கோப்பை. அவர்களுக்கு இரண்டு வேண்டும். அத்தை மகள் ஓங்கி அடித்தாள். பந்து பின் லைனில் இவள் வலது பக்கமாக ஒட்டிப் போனது. இவள் விலகிவிட்டாள். பந்து கோட்டுக்கு ஒரு முழம் வெளியே விழுந்தது. கோடு பார்ப்பவர் வெளியே என்று காட்டினார், அம்பயர் எங்கள் பக்கம் கை நீட்டினார். நாங்கள் நாலு பேரும் குதித்தோம். சார் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்.

அவள் குதிக்கவில்லை. நின்ற இடத்திலேயே வலது கையை உயர்த்தினாள். தோளோடு ஒட்டி, நேராக, எவ்வளவு போகுமோ அவ்வளவு உயரத்துக்கு. மடித்துக் குத்திய ஜெர்சி நுனி வானத்தைப் பார்த்தது. கூட்டம் அதை வெற்றிக்கு என்று நினைத்துக் கைதட்டியது. அம்பயரும் அப்படித்தான் நினைத்தார்.

"பட்டுது சார்" என்றாள். "சட்டையில."

அம்பயர், நான் பார்க்கவில்லையே என்றார். அவள் அவரிடம் நடந்துபோய்க் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கருநீல ஜெர்சியின் மடிப்பில் ஒரு மஞ்சள் இழை. அந்தக் கையை யாரிடமும் காட்டாதவள், அத்தனை பேருக்கு நடுவில் நீட்டிக்கொண்டு நின்றாள். சார் தலையில் அடித்துக்கொண்டார். பாயின்ட் அந்தப் பக்கம் போனது. இப்போது இரண்டு பக்கமும் சமம்.

அடுத்த பந்தை அத்தை மகள் எங்கே அடிப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வலப்பக்கம்தான். துளி தயவில்லாமல் அடித்தாள். இவள் சுழன்று, பின்னால் பாய்ந்து, மட்டையை நீட்டி, ஒரு சாண் தூரத்தில் விட்டாள். அவர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். ஒருத்திகூட இவளிடம் வந்து பாவம் என்று சொல்லவில்லை. இவள் மல்லாந்து கிடந்து தேம்பித் தேம்பி அழுதாள். ஒரு கோப்பை கைவிட்டுப் போனால் விளையாட்டுக்காரி எப்படி அழுவாளோ அப்படி.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது வழியெல்லாம் அதே புலம்பல். "அத எடுத்திருக்கணும்டி. கால ஒரு அடி முன்னாடியே எடுத்து வச்சிருக்கணும்." கீழே போட்ட பந்தைப் பற்றித்தான் பேச்சு. கை தூக்கிய பாயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் பற்றி நான் ஏதோ மெச்சிச் சொல்ல வந்தபோது, பட்டதுக்கு தூக்குனேன், அதுல என்னா இருக்கு என்று தள்ளிவிட்டாள்.

கடலூர் பஸ் தூரத்தில் காலியாக நின்றது. நான் நடையை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

"என்னாடி, ஒண்ணுக்கு போணுமா?" என்றாள்.

"அன்னிக்கு இதே பஸ் ஸ்டாண்டுல நான் நெசமா ஓடல. படிக்கு முன்னாடி நின்னுட்டேன். உன்கிட்ட பொய் சத்தியம் பண்ணேன்" என்றேன். "நான் நிக்காம இருந்திருந்தா…"

"தெரியும். உன் செருப்பு சத்தம் நின்னுச்சு" என்றாள். என் தூக்கிய கையைப் பார்த்தாள். "லாரிக்காரன் செஞ்சது லாரிக்காரனோட. கைய வெளிய போட்டது நான். நீ செஞ்சது நின்னது மட்டும். அதுக்கு கை தூக்கிட்ட இல்ல? எறக்கு, எல்லாரும் பாக்குறாங்க."

இறக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட விடவில்லை.

"ஓடுறியா?" என்றாள்.

ஓடினேன். பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு, முறுக்கு விற்கிறவரை இடித்துக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். அவள் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னாலேயே வந்தது. படியை நான்தான் முதலில் தொட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே ஏறி ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தேன். அவள் என் பக்கத்தில் பொத்தென்று விழுந்து, தோற்ற எரிச்சலில் ஒரு முனகல் முனகினாள்.

புதுச்சத்திரம் வருவதற்குள் எனக்குக் கண் சொக்கியது. இடுப்பில் ஒரு இடி விழுந்தது. அந்தக் குட்டைக் கைதான்.

"கைய உள்ள வை" என்றாள்.

வைத்துக்கொண்டேன்.